சார்ட்டர் பள்ளித் தேர்வுகள்: எந்த மதிப்பெண் யாருக்காக?

கலிபோர்னியாவில் ஒரு சார்ட்டர் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பள்ளி திறந்த சில வாரங்களில் கணினியில் ஒரு தேர்வு. குளிர்காலத்தில் அதே தேர்வு மறுபடி, வசந்த காலத்தில் மூன்றாம் முறை. அந்த வசந்த காலத்திலேயே மாநில அரசின் தேர்வும் வந்துவிடும். வாசிப்பில் கொஞ்சம் பின்தங்கியிருந்தால் வாரம் ஒருமுறை ஒரு நிமிட வாசிப்புச் சோதனையும் உண்டு. வீட்டுக்கு வரும் அறிக்கைகளில் 2455 என்று ஓர் எண் இருக்கும், 191 என்று இன்னோர் எண் இருக்கும், பர்சென்டைல் என்று வேறொன்று இருக்கும். "கடைசியில் என் பிள்ளை நன்றாகப் படிக்கிறதா, இல்லையா?" என்று பெற்றோர் திகைப்பதில் வியப்பில்லை.

இந்தத் தேர்வுகள் ஒரே கேள்விக்கு விடை தேடுபவை அல்ல. ஒன்று அரசுக்காக, ஒன்று பள்ளிக்கு உரிமம் தந்தவர்களுக்காக, ஒன்று வகுப்பாசிரியருக்காக. எது யாருக்கானது என்று பிரித்துப் பார்க்காதவரை எண்கள் குழப்பத்தான் செய்யும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், அமெரிக்காவிலேயே அதிகமான சார்ட்டர் பள்ளிகள் இருக்கும் கலிபோர்னியாவை வைத்தே இங்கே விளக்குகிறேன்.

## சார்ட்டர் பள்ளி என்பது என்ன?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடலாம். சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப்பள்ளி. கட்டணம் கிடையாது. சேர்க்கைக்கு விண்ணப்பித்தவர்கள் இடங்களைவிட அதிகமாக இருந்தால் குலுக்கலில்தான் இடம். வித்தியாசம் நிர்வாகத்தில் இருக்கிறது. பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் பொதுப்பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) நேரடியாக நடத்தாமல், ஒரு லாபநோக்கற்ற அமைப்பு ஒப்பந்தத்தின்பேரில் நடத்துகிறது. அந்த ஒப்பந்தத்துக்குத்தான் சார்ட்டர் என்று பெயர்.

இதற்கான முதல் சட்டத்தை 1991இல் மினசோட்டா மாநிலம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே கலிபோர்னியா தன் சட்டத்தை இயற்றியது. அடிப்படையில் இது ஒரு பேரம். பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், கால அட்டவணை ஆகியவற்றில் பள்ளிக்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு. பதிலுக்கு, மாணவர்கள் கற்கிறார்கள் என்பதைப் பள்ளி நிரூபித்துக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் பொதுவாக 5 ஆண்டுகளுக்குத்தான். காலம் முடியும்போது புதுப்பிக்க வேண்டும், நிரூபிக்க முடியாவிட்டால் பள்ளியை மூடலாம்.

தமிழ்நாட்டில் படித்து வந்த பெற்றோருக்கு இந்த இடம்தான் புதிது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் தேர்ச்சியோ தோல்வியோ மாணவருக்குத்தான். இங்கே மாநிலத் தேர்வில் எந்தக் குழந்தையும் "ஃபெயில்" ஆவதில்லை, அடுத்த வகுப்புக்குப் போவதை அந்த மதிப்பெண் தடுப்பதில்லை. ஆபத்து பள்ளிக்குத்தான்.

## மாநிலத் தேர்வு: 2432 என்றால் என்ன?

2002 ஜனவரியில் கையெழுத்தான மத்தியச் சட்டம், 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலையில் ஒருமுறை, வாசிப்பிலும் கணிதத்திலும் எல்லா மாணவரையும் சோதிக்கச் சொன்னது. 2015 டிசம்பரில் வேறொரு சட்டம் அதன் இடத்துக்கு வந்து, பல கெடுபிடிகளைத் தளர்த்தியது. ஆனால் ஆண்டுத் தேர்வு அப்படியே நீடித்தது. குறைந்தது 95 சதவீத மாணவர்கள் எழுத வேண்டும் என்ற விதியும் நீடித்தது. பொதுப்பள்ளி என்பதால் சார்ட்டர் பள்ளிகளுக்கும் இவை பொருந்தும்.

கலிபோர்னியாவில் இதற்குப் பயன்படுவது ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு தேர்வு. 2015 வசந்த காலத்திலிருந்து நடக்கிறது. 3 முதல் 8 வரையும் 11ஆம் வகுப்பிலும் ஆங்கிலம், கணிதம். இவை தவிர 5, 8 வகுப்புகளிலும் உயர்நிலையில் ஒருமுறையும் அறிவியல் தேர்வு உண்டு. ஆங்கிலம் இன்னும் பழகிவரும் குழந்தைகளுக்கு மொழித்திறன் தேர்வு தனி.

இது கணினியில் நடக்கும் அடாப்டிவ் தேர்வு. சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். இரண்டு குழந்தைகள் ஒரே கேள்விகளைப் பார்ப்பதில்லை. அதனால் "நூற்றுக்கு எத்தனை" என்று கேட்பதில் பொருளில்லை. கேள்வியின் கடினத்தைக் கணக்கில் கொண்டு, ஏறக்குறைய 2000 முதல் 3000 வரையிலான ஒரே அளவுகோலில் ஸ்கோர் தரப்படும். வகுப்பு ஏற ஏற எதிர்பார்க்கும் எல்லையும் ஏறும். ஆங்கிலத்தில் அந்த வகுப்புக்குரிய தரத்தை எட்ட மூன்றாம் வகுப்புக்கு 2432 வேண்டும், நான்காம் வகுப்புக்கு 2473, எட்டாம் வகுப்புக்கு 2567. கணிதத்தில் மூன்றாம் வகுப்புக்கு 2436, எட்டுக்கு 2586.

எல்லா வகுப்புக்கும் அளவுகோல் ஒன்றே என்பதால் ஒரே குழந்தையின் ஸ்கோரை ஆண்டுக்காண்டு ஒப்பிடலாம். மூன்றாம் வகுப்பில் 2440 வாங்கிய குழந்தை நான்காம் வகுப்பில் 2460 வாங்கினால், 20 புள்ளி ஏறியிருக்கிறது. ஆனால் எல்லை 41 புள்ளி ஏறிவிட்டது. போன வருடம் கோட்டுக்கு மேலே இருந்த குழந்தை இப்போது கீழே. "மதிப்பெண் கூடியிருக்கிறது, ஆனால் நிலை குறைந்துவிட்டது என்கிறார்களே, எப்படி?" என்ற கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

இந்தத் தேர்வின் பெரிய குறை அதன் காலம். வசந்த காலத்தில் எழுதி, முடிவு வீட்டுக்கு வரும்போது அந்த வகுப்பு பெரும்பாலும் முடிந்திருக்கும். எழுதிய குழந்தைக்கு அந்த ஆண்டில் உதவ இதைப் பயன்படுத்தவே முடியாது. பள்ளிகளையும் மாவட்டங்களையும் ஒப்பிட அரசுக்கு இது தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் குழந்தையின் கல்வியைப் பற்றிய தீர்ப்பாக இதை மட்டும் எடுத்துக்கொள்வது தவறு.

## டாஷ்போர்டு நிறங்கள்

மாணவர் ஸ்கோர்களைச் சேர்த்து, பள்ளிக்கு ஒரு நிறம் தருகிறது மாநிலம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். 2017இல் தொடங்கிய, டாஷ்போர்டு என்னும் இந்த மதிப்பீட்டு அறிக்கை இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. மாணவர்கள் தர எல்லையிலிருந்து சராசரியாக எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறார்கள் என்பது ஒன்று. போன ஆண்டைவிட அந்தச் சராசரி எவ்வளவு மாறியது என்பது மற்றொன்று.

இரண்டாவதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. போன ஆண்டு மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களும் இந்த ஆண்டு மூன்றாம் வகுப்பில் இருப்பவர்களும் வேறு குழந்தைகள். அந்த "மாற்றம்" எந்தத் தனிக் குழந்தையின் வளர்ச்சியையும் நேராகக் காட்டாது. ஒவ்வொரு மாணவரின் வளர்ச்சியையும் தொடரும் கணக்கீட்டு முறையை மாநிலக் கல்வி வாரியம் 2021இல்தான் ஏற்றது. பெரும்பாலான மாநிலங்கள் அதற்கு முன்பே இதைச் செய்துவிட்டன. இந்தத் தாமதத்துக்கு நல்ல காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சிறிய பள்ளிகளுக்கு இன்னொரு தொல்லை. ஒரு மாணவர் பிரிவில் 30 பேராவது இல்லாவிட்டால் அந்தப் பிரிவுக்கு நிறம் கிடைக்காது. 11 பேருக்குக் கீழே என்றால் தனியுரிமை கருதி முடிவையே காட்டமாட்டார்கள். சார்ட்டர் பள்ளிகள் பலவும் சிறியவை. அங்கே நான்கைந்து குழந்தைகள் இடம் மாறினாலே சராசரி ஆடிவிடும்.

## 2019 சட்டம்: பள்ளியின் ஆயுள் எப்படித் தீர்மானமாகிறது?

2019 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட ஏபி 1505 சட்டம், ஒப்பந்தம் புதுப்பிக்கும் விதிகளை மாற்றி எழுதியது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டு டாஷ்போர்டு முடிவுகளை வைத்து, பள்ளிகள் மூன்று தட்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன.

1. மேல் தட்டு: 5 முதல் 7 ஆண்டுகள் வரை நீட்டிப்பு கிடைக்கலாம்.
2. நடுத் தட்டு: 5 ஆண்டு நீட்டிப்பு. உரிமம் தந்த பள்ளி மாவட்டம் மறுக்கலாம். ஆனால் போதிய முன்னேற்றம் இல்லை என்றும், மூடுவதே மாணவர்களுக்கு நல்லது என்றும் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும்.
3. கீழ்த் தட்டு: புதுப்பிக்கக் கூடாது என்பதே பொது விதி. குறைகளைச் சரிசெய்ய உண்மையான திட்டத்தோடு பள்ளி செயல்படுகிறது, மாணவர் வளர்ச்சிக்கு உறுதியான சான்றும் இருக்கிறது என்று மாவட்டம் கண்டால் மட்டும் 2 ஆண்டு அவகாசம்.

நடுத் தட்டிலும் கீழ்த் தட்டிலும் இருக்கும் பள்ளிகள் "சரிபார்க்கப்பட்ட தரவு" என்ற ஒன்றைக் காட்டலாம் என்கிறது சட்டம். மாநிலத் தேர்வைத் தவிர, தேசிய அளவில் அங்கீகாரம் பெற்ற வேறு தேர்வுகளின் முடிவுகள்தான் அவை. எவை செல்லும் என்ற பட்டியலுக்கு 2020 நவம்பரில் கல்வி வாரியம் ஒப்புதல் தந்தது. பள்ளிகள் ஆண்டுக்குச் சில முறை கணினியில் நடத்தும் மேப், ஐ-ரெடி போன்றவை அதில் உண்டு. "பள்ளியில் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஓராண்டு முன்னேற்றம்" என்பதை இவற்றின் வழியே பள்ளி காட்ட வேண்டும்.

இதில் நல்ல எண்ணம் இருப்பதை ஏற்கிறேன். மிகவும் பின்தங்கிய குழந்தைகளைச் சேர்த்து, அவர்களை ஓராண்டில் ஒன்றரை ஆண்டு அளவுக்கு முன்னேற்றும் பள்ளி, மாநிலத் தேர்வில் சிவப்பாகத்தான் தெரியும். அந்த உழைப்பை எடுத்துச் சொல்ல ஒரு வழி வேண்டும். ஆனால் விளைவாக நடந்தது என்ன? வகுப்பாசிரியர் பாடத்தைத் திருத்திக்கொள்ள உதவிய தேர்வு, பள்ளி உயிர் பிழைக்கத் தாக்கல் செய்யும் சான்றாகவும் ஆகிவிட்டது. வருடத்துக்கு மூன்று முறை நடக்கும் அந்தத் தேர்வைப் பள்ளி ஏன் இவ்வளவு இறுக்கமாக நடத்துகிறது, ஒருவர் வராவிட்டாலும் ஏன் துரத்தித் துரத்தி அழைக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

## மேப் போன்ற தேர்வுகளில் வளர்ச்சியை எப்படிப் படிப்பது?

மேப் தேர்வு ரிட் என்னும் அளவுகோலில் ஸ்கோர் தருகிறது. 2020இல் வெளியான தேசிய அட்டவணைப்படி, மூன்றாம் வகுப்பு வாசிப்பில் சராசரி ஸ்கோர் இலையுதிர் காலத்தில் சுமார் 187, அடுத்த வசந்தத்தில் சுமார் 197. அதாவது ஒரு கல்வியாண்டில் ஏறக்குறைய 10 புள்ளி. "ஓராண்டு முன்னேற்றம்" என்று சொல்லும்போது மனதில் வைப்பது இதுபோன்ற ஓர் எண்ணைத்தான்.

இங்கே நிதானமாகக் கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வொரு ஸ்கோரிலும் சுமார் 3 புள்ளி முன்பின் இருக்கலாம். அன்று தூக்கம் போதவில்லை, அவசரமாகக் கிளிக் செய்துவிட்டது என்று எத்தனையோ காரணம். இரண்டு ஸ்கோர்களைக் கழித்து வளர்ச்சியைக் கணக்கிடும்போது இரண்டின் பிழையும் சேர்ந்துகொண்டு 4 புள்ளிக்கு மேல் ஆகிவிடும். எதிர்பார்ப்பே 10 புள்ளி என்னும்போது 4 புள்ளிப் பிழை சின்ன விஷயமில்லை. "7 புள்ளிதான் வளர்ந்திருக்கிறது" என்ற ஓர் அறிக்கையை வைத்துக் குழந்தையைக் கடிந்துகொள்வது அநியாயம்.

2. எதிர்பார்க்கும் வளர்ச்சி என்பது சராசரி. நாடு முழுதும் பார்த்தால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் எப்போதும் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். கணக்கு அப்படி. நூறு குழந்தைகளின் சராசரியைப் பார்க்கும்போது பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துவிடும். அதனால் பள்ளி அளவில் இந்த எண் நம்பகமானது. ஒரே குழந்தைக்கு, ஒரே பருவத்துக்கு என்று வரும்போது நம்பகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

3. மேலே இருக்கும் குழந்தைக்கும் கீழே இருக்கும் குழந்தைக்கும் எதிர்பார்ப்பு வேறு. தொடக்கத்தில் குறைவாக இருப்பவர்களின் எண் பெரும்பாலும் வேகமாக ஏறும். முதல் தேர்விலேயே உச்சத்தில் இருந்த குழந்தையின் ஸ்கோர் அடுத்த முறை கொஞ்சம் இறங்குவதும் இயல்பு.

4. பர்சென்டைல் (நூறு சக மாணவர்களில் எத்தனை பேரைவிட மேலே என்ற எண்) அப்படியே இருந்தால் "முன்னேற்றமே இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சக வயதினர் எவ்வளவு வளர்ந்தார்களோ அவ்வளவு இந்தக் குழந்தையும் வளர்ந்திருக்கிறது என்று பொருள்.

## வாரந்தோறும் ஒரு நிமிடம்

எல்லாத் தேர்வுகளிலும் குழந்தைக்கு மிக நெருக்கமானது, பேச்சில் மிகக் குறைவாக அடிபடுவதும் இதுதான். குழந்தை ஒரு பத்தியை ஒரு நிமிடம் உரக்க வாசிக்கும், ஆசிரியர் சரியாக வாசித்த சொற்களை எண்ணுவார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோவும் அவருடன் இருந்தவர்களும் சிறப்புக் கல்விக்காக வளர்த்தெடுத்த முறை இது. பரவலாகப் பயன்படும் 2017 அட்டவணைப்படி, மூன்றாம் வகுப்பின் நடுத்தர மாணவர் இலையுதிர் காலத்தில் நிமிடத்துக்கு 83 சொற்களும் வசந்தத்தில் 112 சொற்களும் சரியாக வாசிப்பார். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு சொல் கூடுகிறது.

பின்தங்கிய குழந்தைக்கு இதை வாராவாரம் செய்து வரைபடத்தில் குறிப்பார்கள். தொடங்கிய இடத்திலிருந்து இலக்கு வரை ஒரு கோடு. தொடர்ந்து சில புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால், சொல்லித்தரும் முறையை மாற்ற வேண்டும். "இந்தக் குழந்தைக்கு வரவில்லை" என்று முடிவுகட்டாமல், "நாம் செய்வது பலிக்கவில்லை" என்று ஆசிரியரைப் பார்க்க வைக்கும் முறை. கண்காணிப்பு என்ற பெயருக்கு உண்மையில் தகுதியானது இதுதான் என்பேன். ஒரு நிமிடச் சோதனை, அடுத்த திங்கட்கிழமையே பாடம் மாறுகிறது.

## வீட்டிலிருந்து படிக்கும் சார்ட்டர் மாணவர்கள்

கலிபோர்னியாவில் வகுப்பறை இல்லாத சார்ட்டர் பள்ளிகளும் உண்டு. வீட்டில் பெற்றோர் சொல்லிக்கொடுக்க, உரிமம் பெற்ற ஆசிரியர் ஒருவர் பொதுவாக 20 பள்ளி நாட்களுக்கு ஒருமுறை சந்தித்து, குழந்தை செய்த வேலையின் மாதிரிகளை வாங்கிப் பதிவுசெய்கிறார். சில குடும்பங்களுக்கு இது வெறும் காகித வேலையாகத் தெரியும். ஆனால் வருகைப் பதிவுக்கும் அரசு நிதிக்கும் ஆதாரமே அதுதான். 2019இல் ஏ3 என்ற இணையவழிச் சார்ட்டர் வலையமைப்பைச் சேர்ந்த 11 பேர்மீது சான் டியாகோவில் குற்றம் சுமத்தப்பட்டது. விளையாட்டுக் குழுக்களில் இருந்த குழந்தைகளின் பெயர்களைச் சேர்த்து, உண்மையான கல்வி எதுவும் தராமலே அரசுப் பணத்தைப் பெற்றார்கள் என்பது வழக்கு. அதற்குப் பிறகு மாதிரிகளைக் கேட்பதில் பள்ளிகள் கறாராக இருப்பதில் நியாயம் இருக்கிறது.

தரத்தைப் பற்றிய கவலையும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, சார்ட்டர் மாணவர்களை அவர்களைப் போன்ற பிற பொதுப்பள்ளி மாணவர்களோடு ஒப்பிட்டது. மொத்தத்தில் சார்ட்டர் மாணவர்கள் ஓராண்டில் வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் பாடத்துக்கு இணையாக முன்னே இருந்தார்கள். முழுக்க இணையவழியில் படித்தவர்களோ வாசிப்பில் 58 நாளும் கணிதத்தில் 124 நாளும் பின்தங்கினார்கள். "சார்ட்டர் நல்லதா, கெட்டதா?" என்று ஒரே வரியில் விவாதிப்பவர்கள் இந்த இரண்டு எண் ஜோடிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## தேர்வு எழுத வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால்?

கலிபோர்னியாவில் பெற்றோருக்கு இந்த உரிமை உண்டு. பள்ளிக்கு எழுத்தில் கொடுத்தால் குழந்தைக்கு மாநிலத் தேர்விலிருந்து விலக்கு. இதைக் குழந்தைக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. விலகச் சொல்லிப் பள்ளி ஊழியர்கள் தூண்டவும் கூடாது.

ஆனால் பள்ளிக்கு விழும் அடியைப் பலரும் அறிவதில்லை. 95 சதவீதத்துக்குக் குறைந்தால், அந்த எல்லையை எட்டும் அளவுக்கு, எழுதாத மாணவர்களுக்கு மிகக் குறைந்த ஸ்கோரை வைத்துச் சராசரி கணக்கிடுகிறார்கள். 100 மாணவர்களில் 80 பேர் எழுதி, சராசரியாகத் தர எல்லைக்கு 20 புள்ளி மேலே இருக்கிறார்கள் என்று வையுங்கள். இன்னும் 15 பேருக்கு மிகக் குறைந்த ஸ்கோர், அதாவது எல்லைக்கு சுமார் 300 புள்ளி கீழே, என்று சேர்க்கப்படும். பள்ளியின் சராசரி எல்லைக்கு 30 புள்ளி கீழே போய்விடும். ஆங்கிலத்தில் "உயர்வு" என்ற நிலையிலிருந்து "தாழ்வு" என்ற நிலைக்கு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கும் பள்ளிகூட இப்படித் தட்டு இறங்கக்கூடும்.

இவ்வளவு பெரிய பணயம் ஒரு மதிப்பெண்மேல் இருக்கும்போது, அழுத்தம் எல்லை மீறவும் செய்யும். லாஸ் ஏஞ்சலஸில் குரெசெண்டோ என்ற சார்ட்டர் குழுமத்தில் மாநிலத் தேர்வுத்தாள்களை முன்கூட்டியே பிரித்து மாணவர்களைத் தயார்செய்யச் சொன்னதாகப் புகார் எழுந்தது. 2011இல் அந்தப் பள்ளிகளை மூட மாவட்டம் முடிவெடுத்தது. சார்ட்டர் அல்லாத அட்லாண்டா அரசுப் பள்ளிகளில் இதைவிடப் பெரிய மோசடி நடந்திருக்கிறது. ஆகவே இது சார்ட்டருக்கு மட்டும் உரிய நோய் இல்லை.

## சிறப்புக் கல்வித் திட்டம் உள்ள குழந்தைகள்

ஐஇபி எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம் உள்ள குழந்தைக்கு மேலே சொன்ன எந்தத் தேர்வையும்விட முக்கியமானது அந்தத் திட்டத்தில் எழுதியிருக்கும் இலக்குகள்தான். ஒவ்வோர் இலக்கையும் எப்படி அளப்பார்கள், பெற்றோருக்கு எப்போது தெரிவிப்பார்கள் என்பது திட்டத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது மத்தியச் சட்டம். "நன்றாக முன்னேறுகிறார்" என்ற ஒற்றை வரி போதாது. எத்தனை சொற்கள், எத்தனை கணக்குகள், போன முறை எத்தனை என்ற எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

முன்னேற்றம் நின்றுவிட்டது என்று அந்த எண்கள் காட்டினால் ஆண்டுக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எழுத்தில் கேட்டால், நீண்ட விடுமுறை நாட்களைக் கழித்து, 30 நாட்களுக்குள் கலிபோர்னியாப் பள்ளி ஐஇபி கூட்டத்தைக் கூட்ட வேண்டும். சார்ட்டர் பள்ளிக்கும் இந்த விதி பொருந்தும். "எங்களிடம் அந்த வசதி இல்லை, மாவட்டப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்" என்று குழந்தையைத் தட்டிக்கழிக்க அதற்கு உரிமை கிடையாது.